சீனாவில் பியானோ டீச்சர் வேலை: மகளை விசிட் விசாவில் அனுப்பலாமா?

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ஒரே வரிதான் ஐயா. ‘இப்போதைக்கு விசிட் விசாவில் வரட்டும், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஏஜென்ட் சொன்னாராமே, அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். சீனாவில் பெர்மிட் இல்லாமல் வேலை பார்த்துப் பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். விஷயம் முற்றினால் 5 முதல் 15 நாள் வரை காவலில் வைப்பார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் மாட்டப்போவதில்லை.

முறைப்படி, வேலை தரும் பள்ளியே அங்கே விண்ணப்பித்து, பணி அனுமதிக்கான அறிவிப்புக் கடிதத்தை வாங்கி அனுப்ப வேண்டும். அதைக் காட்டித்தான் இங்கே வேலைக்கான ‘இசட்’ விசா எடுக்க முடியும். போய் இறங்கியதும் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் பதிவு, 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பம்.

மகள் பி.காம். முடித்தவர், பியானோவில் லண்டன் டிரினிட்டி கல்லூரி இசைத் தேர்வின் எட்டாம் கிரேடு. நல்ல தகுதிதான். ஆனால் பெர்மிட் அலுவலகம் பொதுவாகக் கேட்பது ஒரு பட்டமும், அதற்குப் பிறகு தொடர்புள்ள வேலையில் இரண்டு வருட அனுபவமும். கிரேடு சான்றிதழ் பட்டத்துக்கு ஈடாகாது. மியூசிக் ஸ்கூலில் ஒன்றரை வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்றால், இன்னும் ஆறு மாதம் பொறுப்பதே நல்லது. அதுவரை சம்பளம் வங்கிக் கணக்கில் வரட்டும். சேர்ந்த தேதியும் பதவியும் குறிப்பிட்டு லெட்டர்ஹெட்டில் அனுபவச் சான்று வாங்கி வைக்கட்டும். பி.காமுக்கும் பியானோவுக்கும் ஒட்டு இல்லாததால் அந்தத் தாளுக்குத்தான் மதிப்பு அதிகம். பாஸ்போர்ட் சேவாவில் போலீஸ் நன்னடத்தைச் சான்றும் வேண்டியிருக்கும்.

வேலை இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2021-இல் பள்ளிப் பாடங்களுக்கான டியூஷன் நிறுவனங்களைச் சீன அரசு ஒடுக்கியபோது இசையை அந்தப் பாடங்களில் சேர்க்கவில்லை. ஆனால் இதில் ஒரு வில்லங்கம். ஆங்கில வகுப்புக்குத் தாய்மொழி ஆங்கிலமான நாட்டவரைத்தான் அங்கே கேட்பார்கள். அதனால் மற்ற நாட்டவரை மியூசிக் டீச்சர் என்று கூட்டிப்போய், மழலையர் பள்ளியில் ஏ பி சி டி சொல்லித்தர வைக்கும் இடங்களும் உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன் வாராந்திர டைம்டேபிளைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பெர்மிட் எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதோ அங்கே மட்டும்தான் வேலை செய்யலாம். ‘சனி, ஞாயிறு வேறு சென்டர்’ என்றால் அது மறுபடியும் சட்டமீறல்.

மொழி தெரியாதே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். பேச்சுச் சீனம் சிரமம்தான். ஆனால் அங்கே பாட்டு வகுப்புகளில் புழங்கும் இசைக்குறிப்பு உங்கள் மகளுக்குச் சிரமமே இல்லை. ஸ்வரங்களை 1 முதல் 7 வரை எண்களாக எழுதுவார்கள். மேல்ஸ்தாயி என்றால் எண்ணுக்கு மேலே புள்ளி, கீழ்ஸ்தாயி என்றால் கீழே புள்ளி, நம் கர்நாடக சங்கீதப் புத்தகங்களில் இருப்பது போலவே. நம் ‘ஸ’ எந்தச் சுருதியிலும் நிற்பது மாதிரிதான் அவர்களுடைய 1-உம். சின்ன வயதில் வாய்ப்பாட்டு கற்றவர் என்கிறீர்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஏஜென்ட்டுக்கு மத்திய அரசின் பதிவு இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைக்கான அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் பாருங்கள். பள்ளியின் பெயரைக் கேட்டு, அவர்களோடு மகளே வீடியோ காலில் நேரடியாகப் பேசட்டும். பி.காமை வைத்து அந்த ஊரில் பெர்மிட் கிடைக்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். பேச விடாமல் ஏஜென்ட் இழுத்தடித்தால் அட்வான்ஸ் என்று ஒரு பைசா கொடுக்காதீர்கள்.