நண்டு வருவதற்குள் விளக்கை அணைத்தால்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. மகளுக்கு ஐந்து. மாமியார் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர். தினமும் ராத்திரி பாதி தெலுங்கில் நரி, குரங்கு, கொக்கு என்று கதை சொல்கிறார். எல்லாமே ஒன்றை ஒன்று ஏமாற்றுகிற கதை. போன வாரம் தங்கைக்கென்று வைத்திருந்த எட்டுக் கடலை உருண்டையை, "இங்க எறும்பு வரும், மாடியில டப்பாவுல பத்திரமா வெச்சுடறேன்" என்று சொல்லி, இரண்டிரண்டாக எடுத்துப்போய் மொட்டைமாடியில் உட்கார்ந்து தின்றுவிட்டான். அவளும் நம்பிக் கொடுத்திருக்கிறாள். கேட்டால் சிரிக்கிறான். இத்தனைக்கும் அவன் கதை கேட்பது கொஞ்ச நேரம்தான். சீரியல் முடிந்து எட்டேகாலுக்கு அத்தை ஆரம்பிப்பார், கணவர் விடிகாலையில் ராயக்கோட்டை தக்காளி மண்டிக்குப் போக வேண்டும் என்பதால் எட்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவேன். மகள் அதற்கு முன்பே தூங்கிவிடுவாள். அத்தை மனம் நோகாமல் இந்தக் கதைகளை நிறுத்தச் சொல்வது எப்படி? யூடியூபில் நல்ல நீதிக்கதைகள் காட்டலாமா?
— ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: நிறுத்துவது எப்படி என்று என்னைக் கேட்கிறீர்கள். தினமும் எட்டரைக்கு நீங்கள் செய்துகொண்டிருப்பது அதைத்தானே?

உங்கள் மகன் செய்தது எந்தக் கதை என்று உங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். அது கொக்குக் கதை. கிழட்டுக் கொக்கு ஒன்று குளக்கரையில் அழுதுகொண்டு நிற்கும். பன்னிரண்டு வருஷம் மழை கிடையாதாம், குளம் வற்றப் போகிறது, வாருங்கள், வேறு குளத்தில் கொண்டுபோய் விடுகிறேன் என்று மீன்களிடம் சொல்லும். செம்படவர்கள் வலையோடு வரப்போகிறார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. மீன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய்ப் பாறைமேல் வைத்துத் தின்னும். அபாயம் என்று பயம் காட்டு, பத்திரமான இடம் என்று சொல், கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கு, யாரும் பார்க்காத உயரத்தில் உட்கார்ந்து தின். எறும்பு, டப்பா, இரண்டிரண்டு, மொட்டைமாடி. ஒன்றுகூடத் தப்பவில்லை. பாதி தெலுங்கில் கேட்டாலும் பையனுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது.

புரியாதது நண்டு. அது கடைசியில்தான் வரும். மீன் தின்று சலித்த கொக்கு ஒரு நாள் நண்டைத் தூக்கிப்போகும். பாறைமேல் எலும்புக் குவியலைப் பார்த்ததும் நண்டுக்கு விஷயம் தெரிந்துவிடும். கொடுக்கால் கொக்கின் கழுத்தைப் பிடித்து அறுத்துவிடும். பஞ்சதந்திரத்தில் அதோடு விடாது, அறுந்த கழுத்தை இழுத்துக்கொண்டு குளத்துக்கே திரும்பிவந்து மிச்சமிருக்கும் மீன்களிடம் காட்டும். புத்த ஜாதகக் கதைகளிலும் இது இருக்கிறது, 38-ஆவது கதை. அங்கேயும் நண்டு விடுவதில்லை. வற்றுகிற குளம், கொக்கின் அழுகை, ஒவ்வொரு மீனோடும் ஒரு பேச்சு என்று ஒரு பாட்டி இதை இழுத்து நிதானமாகச் சொன்னால் முழுசாக அரை மணி ஆகும். நீங்கள் தருவது கால் மணி. கால் மணியில் விளக்கு அணைந்தால் கொக்கு பாறைமேல் மீன் தின்றுகொண்டிருக்கும், அதைப் பார்த்தபடி உங்கள் மகன் தூங்கப் போயிருப்பான். பிறகு கேட்டால் சிரிக்கத்தான் செய்வான். அவனுக்குத் தெரிந்த கதையில் கொக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

கணவர் விடிகாலையில் எழ வேண்டும் என்பது சரிதான், விளக்கு எட்டரைக்கு அணையட்டும். ஆனால் எட்டேகால் வரை ஓடுகிற சீரியல் யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை. அத்தையுடையதாக இருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல மூட்டை கட்டிக் கொண்டுவந்த கதைகளோடு ஒரு பெரிய மனுஷி டிவி ஓயும்வரை காத்திருந்து, மிச்சமான கால் மணியை வாங்கிக்கொள்கிறார். அதையும் எப்படி நிறுத்தலாம் என்று பத்திரிகைக்குக் கடிதம் போகிறது. வீட்டில் பெரியவர்களுக்கு முதல் நேரத்தைத் தர வேண்டும், மிச்சசொச்சத்தை அல்ல. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

யூடியூபைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று நிமிஷத்தில் கதை முடிந்து, "நீதி: பொய் சொல்லக் கூடாது" என்று பெரிய எழுத்தில் வரும். பையன் எழுத்தைப் படித்துவிட்டு அடுத்ததைத் தட்டுவான்.

அத்தையின் மூட்டையில் இருப்பதெல்லாம் ஒரே சரக்கும் கிடையாது. மாட்டிக்கொள்கிறவர்கள் கதை ஒரு வகை. அவுரிச் சாயத் தொட்டியில் விழுந்து நீலமான நரி காட்டுக்கே ராஜா ஆகும், சொந்த நரிகளைத் துரத்தும், கடைசியில் தூரத்தில் அவை ஊளையிடும்போது தானும் வாய்விட்டு ஊளையிட்டு மாட்டும். புலித்தோல் போர்த்த கழுதையும் இப்படித்தான், கத்திக் கெடும். இவற்றைப் பாதியில் வெட்டினால் வேஷம் போட்டவன் ராஜாவாகவே இருந்துவிடுவான்.

சின்னவன் பெரியவனிடமிருந்து தப்புகிற கதை இரண்டாம் வகை. முயல் சிங்கத்தைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போவதும், ஈரலை நாவல் மரத்திலேயே விட்டுவிட்டு வந்தேன் என்று குரங்கு முதலையிடம் சொல்வதும் இந்த வகை. ஒகேனக்கல்லில் குரங்கையும் முதலையையும் நேரில் பார்த்த பிள்ளைக்கு இது ஒட்டிக்கொள்ளும். இங்கே பொய் ஜெயிக்கும், ஜெயிக்கவும் வேண்டும். உயிருக்கு ஆபத்து, எதிரில் நிற்பவன் பெரியவன். உங்கள் வீட்டில் இந்தக் கதை யாருக்குத் தேவை? ஏழு வயதுக்காரனுக்கா, ஐந்து வயதுக்காரிக்கா? அண்ணன் கொக்காகப் பாதிக் கதை கேட்டான், தங்கை ஒரு கதையும் கேட்காமல் மீனாக இருந்துவிட்டாள். ஏமாற்றுகிறவன் எப்படிப் பேசுவான் என்பது அவளுக்கும் தெரிந்தாக வேண்டும். அவளைத் தூங்கவிடாதீர்கள், அவள் தூங்குமுன் ஆரம்பியுங்கள்.

மூன்றாவது வகையை மட்டும் பதினோரு, பன்னிரண்டு வயதுவரை தள்ளிப் போடச் சொல்லுங்கள். கோள்மூட்டிப் பிழைக்கிறவன் கதை அது. தமனகன் என்கிற நரி, சிங்கத்தையும் அதன் நண்பனான எருதையும் மூட்டிவிட்டு, எருது செத்த பிறகு மந்திரியாகவே இருக்கும். ராஜகுமாரர்களுக்கு அரசியல் சொல்லிக்கொடுக்க எழுந்த கதை, அதனால் அப்படி முடிகிறது. எட்டாம் நூற்றாண்டில் இது அரபிக்குப் போனபோது அந்த முடிவை அப்படியே விட்டுவிடவில்லை. அரபியில் 'கலீலா வ திம்னா' என்று பெயர், தமனகனின் கூட்டாளி நரியான கரடகன்தான் கலீலா, தமனகன்தான் திம்னா. திம்னாவை விசாரித்து, சாட்சி வாங்கி, சாகடிக்கிற ஒரு அத்தியாயம் அதில் கூடுதலாக இருக்கிறது. உங்களுக்கு வந்த சங்கடம் ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்பே வந்திருக்கிறது. அவர்கள் கதையை நிறுத்தவில்லை, நீட்டினார்கள்.

இனி செய்ய வேண்டியது. ஏழரைக்கு டிவியை அணையுங்கள். சாப்பாடு அதற்குள் முடிந்திருக்கட்டும், களியை வாயில் வைத்துக்கொண்டு கதை கேட்டால் இரண்டும் இறங்காது. ஒரு ராத்திரிக்கு ஒரே கதை. முடிந்ததும் "இதில் என்ன நீதி?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் உங்களுக்குப் பிடித்த பதிலைப் பையன் சொல்லிவிடுவான், இதுவும் ஒரு நரித்தனம்தான். "முதல்ல சந்தேகப்பட்டது யாரு? மீனுங்க ஏன் கேட்கல?" என்று கேளுங்கள். மறுநாள் அவனையே தங்கைக்குச் சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தைத் தாண்டி ஓடுகிறானோ அந்த இடம் அவனுக்குள் போகவில்லை.

அத்தையிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. கதை சொல்கிறவர்கள் நரிக்கு ஒரு குரல், கொக்குக்கு ஒரு குரல் என்று பிரமாதமாகப் பேசுவார்கள், மீனுக்குக் குரலே இருக்காது. பிள்ளைகள் குரல் இருக்கிற பக்கம் சாய்ந்துவிடுவார்கள். பாறைமேல் வைத்ததும் மீன் என்ன சொன்னது என்று நீங்களே நடுவில் கேளுங்கள், அத்தை சொல்லிவிடுவார். காக்கா வடை கதையிலும் நரி காக்காவை ஏமாற்றியதையே பேசுகிறோம், வடை பறிகொடுத்த பாட்டியை யாரும் கேட்பதில்லை. அவளையும் பேசவிடச் சொல்லுங்கள்.

உறவினர் முன்னால் அவனைக் "குட்டி நரி" என்று சிரிப்பதாக இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

கடலை உருண்டைக் கணக்கு இன்னும் தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு டம்ளர் வறுத்த கடலையை அவன் கையில் கொடுங்கள், தோல் நீக்கி ஊதிப் புடைப்பது அவன் வேலை. அரை டம்ளர் பொடித்த வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, நீங்கள் பாகு காய்ச்சுங்கள். அடுப்புப் பக்கம் அவன் வரக் கூடாது. ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும், அதற்கு முன் இறக்கினால் உருண்டை பிசுபிசுக்கும். கடலையைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூடு ஆறுமுன் உருட்டுங்கள். சின்னதாகப் பிடித்தால் எட்டு தேறும். எட்டையும் அவனே தட்டில் வைத்துத் தங்கையிடம் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அவளாக ஒன்று நீட்டினால் வாங்கிக்கொள்ளலாம், கேட்கக் கூடாது.