காப்பாட்சியரா, கியூரேட்டரா?

கேள்வி: கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தேன். ஒரு வருடமாகச் சென்னையில் ஒரு தனியார் கேலரியில் வேலை. படம் மாட்டுவது முதல் பில் போடுவது வரை எல்லாம் நான்தான். லண்டனில் சமகாலக் கலை, கியூரேட்டிங் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகை இல்லை. வீட்டை அடமானம் வைத்தாவது அனுப்புகிறேன் என்கிறார் அப்பா. கூடவே, "படிச்சு முடிச்சா என்ன வேலை?" என்றும் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போகலாமா? (பெயர் வேண்டாம், கும்பகோணம்)

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அப்பா கேட்டது நல்ல கேள்வி. அதற்கு உங்களால் பதில் சொல்ல முடியாமல் போனது உங்கள் குற்றம் இல்லை. எழும்பூர் போன்ற அரசு அருங்காட்சியகங்களில் அந்தப் பதவியின் பெயர் காப்பாட்சியர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான கொச்சி பினாலேயிலும் உங்கள் கேலரியிலும் கியூரேட்டர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆனால் நம் ஊரில் இவை இரண்டு வேலைகள். எது வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தால்தான் எங்கே படிப்பது என்ற பேச்சே வரும்.

காப்பாட்சியரின் பொறுப்பில் ஒரு தொகுப்பு இருக்கும். செப்புத் திருமேனி, நாணயம், ஓலைச்சுவடி என எதுவாகவும் இருக்கலாம். அதைப் பதிவேட்டில் ஏற்றுவது, எங்கிருந்து வந்தது என்று துருவுவது, பூச்சியும் ஈரமும் அண்டாமல் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. காட்சிக்கு வைப்பது அப்புறம்தான். சமகாலக் கலையின் கியூரேட்டரிடம் பெரும்பாலும் தொகுப்பே கிடையாது. ஒரு யோசனையோடு கிளம்பி, கலைஞர்களைத் தேடி, பணம் புரட்டி, இடம் பிடித்து, சில மாதங்கள் காட்டிவிட்டுக் கலைத்துவிடுவார். 1969-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் கலைக்கூடத்தில் பெரிய சர்ச்சையைக் கிளப்பிய கண்காட்சியை நடத்திவிட்டு, இயக்குநர் பதவியையும் விட்டு வெளியேறிய ஹரால்ட் ஸீமன்தான் இந்தத் தனி ஆள் தொழிலுக்கு முன்னோடி. அமெரிக்காவின் பார்ட் கல்லூரி 1990-இல் தொடங்கிய மையமும், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் 1992-இல் தொடங்கிய முதுகலையும் இந்த இரண்டாவது வேலைக்கு ஆள் தயாரிப்பவை. உங்களுக்குக் கிடைத்திருக்கும் இடமும் அந்த வழியில் வந்ததுதான்.

முதல் வேலைதான் வேண்டும் என்றால் லண்டன் தேவையே இல்லை. பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் 1952 முதல் அருங்காட்சியகவியல் துறை இருக்கிறது. டெல்லியில் 1989-இல் தொடங்கி, இப்போது நொய்டாவில் இந்திய பாரம்பரிய நிறுவனம் என்ற பெயரில் இயங்கும் இடத்திலும் படிக்கலாம். இரண்டிலும் இரண்டு வருடப் படிப்பு. தமிழ்நாட்டில் காப்பாட்சியர் இடங்களை டி.என்.பி.எஸ்.சி. வழியாக நிரப்புகிறார்கள். அறிவிப்பு அடிக்கடி வராது. வரும்போது எந்தப் பாடத்தில் முதுகலை கேட்கிறார்கள் என்று வரிவரியாகப் படித்துவிட்டுப் படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தால் மனசு இரண்டாவதில் இருப்பது தெரிகிறது. சரி, அதற்கே வருகிறேன். ஆனால் ஒன்று. முதல் வேலையின் ஒழுங்கு கைவராமல் இரண்டாவதற்குப் போகாதீர்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் கொடுத்த உரிமைச் சான்றுகள் போலி. 2014-இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. பெரிய நிறுவனம், படித்த ஆட்கள். ஆனாலும் ஒரு காகிதத்தைச் சந்தேகித்துக் கடைசிவரை துரத்தும் பழக்கம் இல்லையென்றால் இப்படித்தான் முடியும். நேற்று வரைந்த ஓவியத்துக்கும் அந்தப் பழக்கம் வேண்டும்.

அதை நீங்கள் இப்போது இருக்கும் கேலரியிலேயே பழகலாம். அடுத்த முறை காகித ஓவியம் ஒன்று பெட்டியில் வந்து இறங்கினால் உடனே மாட்டப் போகாதீர்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, படத்தை மேசையில் கிடத்தி, விளக்கை அணைத்து, ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மடிப்பும் அலையும் பூச்சி அரித்த இடமும் நிழலோடு எழுந்து வரும். 'கீழ் இடது மூலை, 2 செ.மீ. மடிப்பு, பழையது' என்று எழுதி, படம் எடுத்து, தேதி போடுங்கள். திருப்பி அனுப்பும்போதும் இதையே செய்யுங்கள். நான் இதையெல்லாம் அடிபட்டுக் கற்றேன். ஆரம்ப நாட்களில் ஒரு நீர்வண்ண ஓவியத்தை மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். காலையில் இடம் பிரமாதமாக இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு வெயில் நேராகப் படத்தின் மேல் விழுந்தது. வேட்டி ஒன்றை ஜன்னலில் கட்டி மறைத்தோம். காகிதத்துக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் அளவு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வெயில் அதைப் போலப் பல நூறு மடங்கு. வெளிறிய நிறம் திரும்பி வராது.

இப்போது பணம். வீட்டை அடமானம் வைக்காதீர்கள். இதை யோசித்துத்தான் சொல்கிறேன். இந்தியாவில் சமகாலக் கலைக்கு முழுநேர கியூரேட்டரை வைத்துச் சம்பளம் தரும் இடங்கள் மிகக் குறைவு. டெல்லியில் கிரண் நாடார் அருங்காட்சியகம், பெங்களூரில் 2023-இல் கட்டடம் திறந்த கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம் என்று விரல்விட்டு எண்ணலாம். மற்றவர்கள் ஒவ்வொரு கண்காட்சிக்கும் பேசி வாங்குவதில்தான் வாழ்கிறார்கள். மாதாமாதம் கடன் தவணை கட்ட வேண்டியவருக்கு அந்த வாழ்க்கை ஒத்துவராது.

கிடைத்த இடத்தை ஒரு வருடம் தள்ளி வைக்க முடியுமா என்று இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். பல பல்கலைக்கழகங்கள் சம்மதிக்கும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு 2 வருட வேலை அனுபவம், அதாவது 2,800 மணி நேரம், கேட்கிறார்கள். உங்களுக்கு ஒரு வருடம்தான் ஆகிறது. இன்னும் ஒரு வருடம் இருந்தால் நீங்களும் விண்ணப்பிக்கலாம். படித்ததும் 2 வருடம் இந்தியாவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அது உங்களுக்கு நல்லதுதான். அது கிடைக்காவிட்டால் சார்ல்ஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளையைப் பாருங்கள். கலைத்துறையினர் குறுகிய காலம் பிரிட்டனுக்குப் போய்ப் பயிற்சி பெற உதவுகிறார்கள்.

இந்த ஒரு வருடத்தில் கும்பகோணத்தில் ஒரு கண்காட்சி நடத்துங்கள். 12 படைப்புகள் போதும். உங்கள் கல்லூரியில் படித்தவர்களிடமே கேளுங்கள். கொச்சி பினாலே 2014 முதல் நடத்தும் மாணவர் பினாலேயில் இளம் கியூரேட்டர்கள் அரசு கலைக் கல்லூரிகளுக்குப் போய் மாணவர்களைத் தேடினார்கள். நீங்கள் தேடிப் போகவே வேண்டாம், அந்த வகுப்பறையிலிருந்து வந்தவர். சுவர்க் குறிப்புகளைத் தமிழில் நீங்களே எழுதுங்கள். 'கலப்பு ஊடகம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அது சணல் சாக்கும் தாரும் ஆணியும் என்றால் 'சணல் சாக்கு, தார், ஆணி' என்றே எழுதுங்கள். மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர் உள்ளே வந்தால் அந்த வரியில் நிற்பார். நின்றவர் படத்தைப் பார்ப்பார். லண்டனில் உங்களுக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறவர்களுக்கு இதைச் செய்யத் தெரியாது.

அப்பாவிடம் இரண்டு வேலைகளையும் விளக்கிச் சொல்லுங்கள். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். கண்காட்சிக்கு நாள் குறித்ததும் அழைப்பிதழ் ஒன்றை இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். நான் வருகிறேன்.