பாஸ்தாவுக்கு வீடு, பீட்சாவுக்கு உணவகம்

கேள்வி: என் பிள்ளைகளுக்கு இத்தாலிய உணவு மிகவும் பிடிக்கும். ஆனால் நான் செய்யும் பாஸ்தாவில் சாஸ் ஒட்டாமல் தனியே நிற்கிறது. பீட்சாவோ காய்ந்து விறைத்துப்போகிறது. இவற்றை வீட்டில் செய்வதை விட்டுவிட்டு, வெளியே சாப்பிடுவதுதான் சரியா?

பதில்: பாஸ்தாவை விட்டுவிடாதீர்கள். வெந்த பாஸ்தா காத்திருக்காது. வடித்த சில நிமிடங்களிலேயே குழையத் தொடங்கிவிடும். எத்தனை தேர்ந்த சமையற்காரர் ஆக்கினாலும், உணவகத்தில் அது மேசைக்கு வந்து சேரும் வரை பொறுத்திருக்க வேண்டும். வீட்டில் அடுப்புக்கும் தட்டுக்கும் இடையே நாலே எட்டுதான்.

உங்கள் சாஸ் ஒட்டாததற்குப் பெரும்பாலும் காரணம், பாஸ்தா வெந்த நீரை முழுவதும் கொட்டிவிடுவதுதான். 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் நீர், அதில் ஏறத்தாழ 10 கிராம் உப்பு என்பது இத்தாலியர் கைக்கொள்ளும் கணக்கு. உறையில் அச்சிட்டிருக்கும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே பாஸ்தாவை எடுத்துச் சாஸ் இருக்கும் வாணலியில் போட்டு, மாவுச்சத்து கரைந்து கலங்கியிருக்கும் அந்த நீரில் ஒரு கரண்டி விட்டு, தீயின் மேலேயே வேகமாகப் புரட்டுங்கள். அந்த மாவுச்சத்துதான் எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் சேர்த்துப் பிடித்து, சாஸைப் பாஸ்தாவின் மேல் படியவைக்கிறது. வடித்த பாஸ்தாவைக் குளிர்ந்த நீரில் அலசுகிற வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். அது மேற்பரப்பில் இருக்கும் மாவுச்சத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

ரோம் நகரத்தின் கார்பொனாரா என்னும் பாஸ்தாவையும் துணிந்து செய்யலாம். முட்டை, பெக்கொரினோ சீஸ், பன்றிக் கன்னத்து இறைச்சியைப் பதப்படுத்திய குவான்சாலே, மிளகு ஆகியவைதாம் அதன் சேர்மானம். இத்தாலிக்கு வெளியே பல உணவகங்கள் சேர்க்கும் கிரீமுக்கு அதில் இடமில்லை. அடுப்பை அணைத்த பிறகே முட்டைக் கலவையை ஊற்ற வேண்டும், இல்லையேல் அது திரிந்து கட்டியாகிவிடும். ரிசோட்டோ என்னும் இத்தாலிய அரிசி உணவும் வீட்டுக்கு உரியதே. பல உணவகங்களில் அரிசியை முன்கூட்டியே பாதி வேகவைத்து எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். நீங்களோ 18 நிமிடம் பக்கத்திலேயே நின்று, காய்கறியோ இறைச்சியோ வேகவைத்து வடித்த சூடான சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறி, உடனே பரிமாற முடியும்.

பீட்சாவில் மட்டும் நான் உணவகத்தின் பக்கம் நிற்கிறேன். 2017இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற, இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சாக் கலைக்கு உயிர் அதன் விறகடுப்பு. 400 டிகிரி செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில் 60 முதல் 90 வினாடிக்குள் மாவு உப்பி, ஓரம் கருகி, உள்ளே ஈரம் குன்றாமல் வெந்துவிடுகிறது. வீட்டு ஓவன்களில் பெரும்பாலானவை 250 டிகிரியோடு நின்றுவிடுவதால், அதே மாவு பல நிமிடம் உள்ளே இருந்து ஈரத்தை இழந்து விறைக்கிறது. ஆகவே குறை உங்கள் கையில் இல்லை. வீட்டில்தான் பீட்சா வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால், ரோமில் துண்டு போட்டு விற்கும் தட்டு பீட்சாவைச் செய்து கொடுங்கள். நீர் கூடுதலாகச் சேர்த்துப் பிசைந்த அதன் தளர்வான மாவு, நிதானமான வெப்பத்திலும் மென்மையாக வெந்து வரும்.

நேப்பிள்ஸ் பாணி பீட்சாவை உணவகத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். பெட்டியில் மூடி எடுத்து வந்தால், உள்ளே அடைபட்ட ஆவி அந்த ஓரத்தை வழியிலேயே தொய்யவைத்துவிடும்.