வாசகர் கேள்வி பதில்: நார்வே பாதி, பிரெஞ்சு பாதி

கேள்வி: நார்வே மொழியையும் பிரெஞ்சையும் கலந்து கவிதை எழுதுகிறவர்கள் உண்டாமே, நிஜமா? இல்லை, சும்மா வித்தை காட்டுகிற சமாச்சாரமா?
(வாசகி, பெரம்பூர்)

பதில்: நிஜம்தான். கரோலின் பெர்க்வால் என்று ஒருவர் இருக்கிறார். அப்பா நார்வேக்காரர், அம்மா பிரெஞ்சுக்காரர், பிறந்தது 1962-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், வாழ்வது லண்டனில். எழுதுவது பெரும்பாலும் ஆங்கிலம், ஆனால் அதற்குள் இந்த இரண்டு மொழியும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். 2014-ல் வந்த அவருடைய 'டிரிஃப்ட்' என்ற நூல் பழைய ஆங்கிலக் கடலோடிப் பாட்டில் தொடங்கி, 2011-ல் லிபியாவின் திரிப்போலியிலிருந்து 72 பேரோடு கிளம்பி, மத்திய தரைக்கடலில் 14 நாள் கேட்பாரற்று மிதந்து 63 பேரைப் பலிகொடுத்த அகதிப் படகு வரை வருகிறது. நடுவில் கடலோடிகளுக்குத் திசை தப்புகிற இடத்தில் சொற்களிலிருந்து எழுத்துகள் உதிர்ந்துகொண்டே போகும், படிக்கிற நமக்கும் வழி தெரியாது. இதை வித்தை என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

கேள்வி: சரி, ஆனால் அந்த இரண்டு மொழிக்கும் ஓசை ஒத்துப்போகுமா?
(வாசகர், குரோம்பேட்டை)

பதில்: ஒத்துப்போகாது, சுவாரசியமே அங்கேதான். நார்வே மொழியின் சொந்தச் சொற்களில் அழுத்தம் பெரும்பாலும் முதல் அசையில் விழும், பிரெஞ்சிலோ சொற்றொடரின் கடைசி அசையில். அதனால் நார்வேயில் ஆரம்பித்து பிரெஞ்சில் முடிகிற வரி இரண்டு முனையிலும் கனக்கும். இன்னொன்று, பழைய வட ஐரோப்பியப் பாட்டுகள் நின்றதே மோனையில்தான், கடைசியில் ஒத்து ஒலிக்கிற இயைபு பிரெஞ்சின் பழக்கம். அந்த வட ஐரோப்பியப் பாட்டுகளில் எந்த உயிரெழுத்தும் எந்த உயிரெழுத்தோடும் மோனையாகச் சேரும். நம் இலக்கணம் இன்னும் கறார், அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம், இ, ஈ, எ, ஏ வேறு கூட்டம்.

கேள்வி: இதெல்லாம் மொழிக் கலப்படம்தானே?
(வாசகர், திருவல்லிக்கேணி)

பதில்: மார்கழிக் கச்சேரியில் தீட்சிதரின் 'வெங்கடாசலபதே' கேட்டிருப்பீர்களே? சமஸ்கிருதம், தெலுங்கு, தமிழ் மூன்றும் அதில் உண்டு, யாரும் எழுந்து போவதில்லை. உள்ளூர் மொழியோடு சமஸ்கிருதம் கலந்து எழுதிய நம் மணிப்பிரவாளக்காரர்கள், ஒட்டுப்போட்ட இடம் தெரியக் கூடாது என்பார்கள். மணி என்றால் மாணிக்கம், பிரவாளம் என்றால் பவளம்; மாணிக்கமும் சிவப்பு, பவளமும் சிவப்பு என்று 14-ஆம் நூற்றாண்டுக் கேரள இலக்கண நூலான லீலாதிலகம் காரணமும் சொல்கிறது. பெர்க்வால் நேர் எதிர், ஒட்டுப்போட்ட இடத்தை வேண்டுமென்றே காட்டுகிறார். எனக்கு அதுதான் பிடிக்கிறது.

கேள்வி: நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு படிக்கிறேன். தமிழும் பிரெஞ்சும் கலந்து எழுதிப் பார்க்கலாமா?
(கல்லூரி மாணவி, அயனாவரம்)

பதில்: தாராளமாக. வரியின் தலையில் தமிழ் மோனை, வாலில் பிரெஞ்சு இயைபு, முதலில் நாலு வரி போதும். ஆனால் இயைபைத் தாளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிரெஞ்சில் கடைசி மெய்யெழுத்து பல சமயம் எழுத்தில் மட்டும்தான் இருக்கும், வாயில் வராது. பாரிஸை அவர்கள் 'பாரி' என்றுதான் சொல்கிறார்கள், அதனால் மாரி, வாரி மட்டுமில்லை, முல்லைக்குத் தேர் கொடுத்த நம்ம பறம்பு மலைக்காரரும் அந்த வரியில் ஏறிக்கொள்ளலாம். எழுதினால் அனுப்புங்கள், பிரெஞ்சு வரிகளின் உச்சரிப்பைத் தமிழில் பக்கத்திலேயே எழுதி.