சான்றிதழ் கேட்பவர்கள்

கேள்வி: கமலா ஹாரிஸ் பிறந்தபோது அவருடைய பெற்றோர் இருவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருக்கவில்லை. எனவே அவரை ஜனாதிபதித் தேர்தலில் நிற்க விட்டதே தவறு என்கிறார், கிரீன் கார்டுக்காக அமெரிக்காவில் காத்திருக்கும் என் மைத்துனர். ஒபாமாவிடம் கேட்டதுபோல் இவரிடமும் பிறப்புச் சான்றிதழ் கேட்டிருக்க வேண்டாமா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: துளசேந்திரபுரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அவ்வூர்க்காரரின் பேத்தியிடம் சான்றிதழ் கேட்கிறீர்கள், கேளுங்கள். ஆனால், சான்றிதழ் கேட்பவர்கள் அதைப் படிப்பதற்காகக் கேட்பதில்லை என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதி, பலமுறை வசவும் வாங்கியவன் நான். ஜனாதிபதி ஆகிறவர் பிறப்பால் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அதை வைத்துத்தான் ஒபாமா வெளிநாட்டில் பிறந்தவர் என்று கிளப்பிவிட்டார்கள். அவர் 1961 ஆகஸ்ட் 4 அன்று அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில், ஹொனலுலுவில் பிறந்தவர். 2008-இல் அவர் தரப்பு வெளியிட்ட சுருக்கச் சான்றிதழைப் போதாது என்றார்கள். 2011 ஏப்ரலில் வெள்ளை மாளிகை முழுச் சான்றிதழை வெளியிட்டபோது அதைப் போலி என்றார்கள்.

இந்த வியாதி பழையது. பின்னாளில் ஜனாதிபதியும் ஆன செஸ்டர் ஆர்தர் 1880-இல் துணை ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டபோது, ஹின்மன் என்ற நியூயார்க் வழக்கறிஞர் அவருடைய பிறப்பை ஆராயப் புறப்பட்டார். முதலில் ஆர்தர் பிறந்தது அயர்லாந்தில் என்றார்; அது எடுபடாமல் போகவே கனடா என்றார். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்த ஆர்தரோ உண்மையில் ஒரு பொய் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்: 1829-இல் பிறந்தவர் 1830 என்று சொல்லி ஒரு வயதைக் குறைத்துக்கொண்டார். ஊரைத் துருவித் துருவித் தேடிய ஹின்மன் வருடத்தைக் கோட்டைவிட்டார். அதைவிட வேடிக்கை, ஆர்தரின் ஐரிஷ் தந்தை குடியுரிமை பெற்றதே 1843-இல்தான். உங்கள் மைத்துனரின் வாதத்தின்படி ஆர்தரைத் தகுதியற்றவராக்க அந்த ஒரு தகவலே போதும். ஹின்மனோ கனடாவை விட்டு நகரவில்லை. ஆர்தர் சாவதற்கு முன் தம் காகிதங்களில் பெரும்பாலானவற்றைக் கொளுத்தச் சொல்லிவிட்டார். சான்றிதழ் கேட்பவர்களுக்கு ஒரு ஜனாதிபதி சொன்ன ஆகச் சிறந்த பதிலாக இதையே கருதுகிறேன்.

உண்மையிலேயே சட்டச் சிக்கல் இருந்தது, 2008-இல் ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட ஜான் மெக்கெயினுக்கு. அவர் 1936-இல், அப்போது அமெரிக்காவின் கட்டுப்பாட்டில் இருந்த பனாமா கால்வாய் மண்டலத்தில் பிறந்தார். அங்கே அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர்களைக் குடிமக்கள் என்று தெளிவாக அறிவித்த சட்டம் 1937-இல்தான் வந்தது. ஆயினும் 2008 ஏப்ரலில் அவர் பிறப்பால் குடிமகனே என்று செனட் சபை ஒருமனதாகத் தீர்மானித்தது. அத்தீர்மானத்தை முன்மொழிந்தவர்களுடன் சேர்ந்து கையொப்பமிட்டவர்களில் ஒருவர், அவரை எதிர்த்து நிற்கவிருந்த ஒபாமா. மெக்கெயினுக்குக் கிடைத்த அந்த மரியாதையில் பாதிகூட ஒபாமாவுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. காரணம் சட்டப் புத்தகத்தில் இல்லை என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா?

"சட்டம் தெளிவாக இருக்கிறது" என்று எனக்கு எழுதும் வழக்கறிஞர் நண்பர்களோடும் எனக்குப் பழைய பகை உண்டு. பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும் என்று கூறும் அமெரிக்க அரசமைப்பு, அப்படிப்பட்டவர் யார் என்பதை எங்கும் விளக்கவில்லை. உச்ச நீதிமன்றமும் ஒரு வேட்பாளரை முன்வைத்து அதைத் தீர்த்ததில்லை; வாக்காளர் எவராவது வழக்குப் போட்டால், வழக்குத் தொடுக்க அவருக்குத் தகுதி இல்லை என்று கீழ் நீதிமன்றங்களே பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகின்றன.

கமலா விஷயத்தில் மட்டும் பெரிய குழப்பம் இல்லை. அவர் 1964-இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்தவர். சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க், பிறந்த மண்ணாலேயே அமெரிக்கக் குடிமகன் என்று 1898-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருடைய பெற்றோரும் குடியுரிமை பெறாதவர்களே. கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் மைத்துனருக்கு அங்கே பிறந்த பிள்ளை உண்டென்றால், அவர் வெட்டுவது அந்தப் பிள்ளை அமர்ந்திருக்கும் கிளையை.

என்னைக் கேட்டால் இந்த விதியே தேவையற்றது. அமெரிக்காவில் ஜனாதிபதியே படைத் தலைவர். அந்தப் படைத் தலைமை அந்நியர் கைக்குப் போய்விடக் கூடாது என்று, அந்நாட்டை நிறுவிய தலைவர்களில் ஒருவரான ஜான் ஜே 1787-இல் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார். புதிதாகப் பிறந்த ஒரு சிறு நாட்டுக்கு அந்த அச்சம் நியாயமானது. இன்றோ அதே விதி ஆஸ்திரியாவில் பிறந்த அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகரைக் கலிபோர்னியா ஆளுநர் பதவியோடு நிறுத்திவிட்டது. 20 ஆண்டுகள் குடிமகனாக இருந்தவர் எவரும் ஜனாதிபதி ஆகலாம் என்று 2003-இல் செனட்டர் ஓரின் ஹேட்ச் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அது வாக்கெடுப்புக்கே வரவில்லை.