ரிங்கோ ஸ்டார் வருவதற்கு முன் பீட்டில்ஸ் ராக் குழுவில் ஏன் இத்தனை டிரம்மர்கள் மாறினார்கள்?

பீட்டில்ஸ் உருவான இங்கிலாந்து நகரம் லிவர்பூல். அன்றைய லிவர்பூலில் கிதார் வாசிக்கிற பையன்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். சொந்தமாக டிரம் செட் வைத்திருந்தவர்கள்தான் அரிது. அதன் விலை, அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் பாடு இரண்டுமே காரணம். தாழ்ந்த சுரங்களை வாசிக்கிற பேஸ் கிதாருக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

1956-இல் ஜான் லெனன் பள்ளி நண்பர்களோடு தொடங்கிய குவாரிமென்தான் பின்னாளில் பீட்டில்ஸ் ஆனது. அது ஒரு ஸ்கிஃபிள் குழு, அதாவது கைக்குக் கிடைத்த எளிய பொருள்களை வைத்து வாசிக்கும் இசை. ஸ்கிஃபிளுக்குப் பெரிய செலவு கிடையாது. மலிவான கிதார், பாஞ்சோ, துணி துவைக்கும் தகரப் பலகை போதும். பேஸுக்கு ஒரு காலித் தேயிலைப் பெட்டி (நம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறிய அதே மாதிரி ஒட்டுப்பலகைப் பெட்டிதான்). பெட்டியைக் கவிழ்த்து, நடுவில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்து, மறுமுனையைத் துடைப்பக் கம்பில் கட்டுவார்கள். கம்பைச் சாய்த்து இழுத்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். ஆனால் எந்தச் சுரத்திலும் நிலையாக நிற்காது. அதனால் ராக் அண்ட் ரோலுக்கு மாறியதும் பெட்டியும் பலகையும் போயின, வாசித்தவர்களும் போனார்கள்.

1957-இல் பால் மெக்கார்ட்னி, 1958-இல் ஜார்ஜ் ஹாரிசன் சேர்ந்ததும் கிதார் நான்காகிவிட்டது. எரிக் கிரிஃபித்ஸை பேஸ் வாங்கச் சொன்னார்கள். அவருக்குக் கட்டுப்படியாகவில்லை, விலகினார். டிரம்மர் காலின் ஹான்டன் 1959-இல் சண்டை போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு "டிரம்மர் எங்கே?" என்று கேட்ட அமைப்பாளர்களிடம் "தாளம் கிதாரிலேயே இருக்கிறது" என்று சொல்லிச் சமாளித்தார்கள்.

1960 மே மாதம் ஸ்காட்லாந்துப் பயணத்துக்கு டாமி மூர் வந்தார். பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், மற்றவர்களைவிட வயதில் மூத்தவர். திரும்பியதும் கொஞ்ச நாளில் ஒதுங்கிக்கொண்டார். அடுத்து வந்த நார்மன் சாப்மனைக் கட்டாய ராணுவ சேவை கொண்டுபோனது. ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாசிக்க ஒப்பந்தம் வந்தபோது டிரம்மர் இல்லாமல் போக முடியாது. பீட் பெஸ்ட்டிடம் செட் இருந்தது, ஆளும் சும்மா இருந்தார். எடுத்துக்கொண்டார்கள்.

பேஸ் பக்கம்: ஸ்டுவர்ட் சட்கிளிஃப் தன் ஓவியம் ஒன்று விற்ற பணத்தில் ஹோஃப்னர் கம்பெனி பேஸ் வாங்கியதால்தான் உள்ளே வந்தார், வாசிப்பு சுமார்தான். அவர் ஹாம்பர்க்கிலேயே தங்கிவிட, 1960 டிசம்பரில் சில நிகழ்ச்சிகளுக்கு சாஸ் நியூபி வாசித்தார். 1961-இல் வேறு யாரும் முன்வராததால் அந்த வேலை பால் தலையில் விழுந்தது. அவர் வயலின் வடிவ ஹோஃப்னரை எடுத்ததற்கு விலை குறைவு என்பதோடு இன்னொரு காரணமும் உண்டு: இரு பக்கமும் ஒரே வடிவம் என்பதால் இடது கைக்காரர் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது.

பெஸ்ட் நீக்கப்பட்டது மட்டும் வேறு ரகம். 1962 ஜூன் 6-இல் ஈஎம்ஐ இசைத்தட்டு நிறுவனத்தில் நடந்த ஒலிப்பதிவில் அவர் வாசிப்பு தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்குப் பிடிக்கவில்லை. பதிவுக்கு வேறு டிரம்மர் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். குழுவை விட்டே பெஸ்ட்டை அனுப்பச் சொன்னது அவரல்ல. அதை முடிவு செய்தது மற்ற மூவர், ஆகஸ்ட் 16-இல் சொன்னது மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன். ரோரி ஸ்டார்ம் என்ற பாடகரின் குழுவிலிருந்து ரிங்கோவை அழைத்துவந்த பிறகும் மார்ட்டினுக்குத் திருப்தியில்லை. செப்டம்பர் 11-இல் ஆண்டி ஒயிட் என்ற ஸ்டூடியோ டிரம்மர் வாசித்தார். அந்த நாளில் 'லவ் மீ டூ' பாடல் இரண்டு விதமான பதிவுகளாக வெளிவந்தது. அதில் தம்பூரின் (சலங்கைத் தகடுகள் கோத்த கைவளையம்) சத்தம் கேட்டால் டிரம்ஸில் ஒயிட், தம்பூரின் ரிங்கோ; கேட்காவிட்டால் டிரம்ஸே ரிங்கோ.