பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நான்கு மீட்டரில் சேவல்: வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: தாம்பரத்தை ஒட்டிய பகுதியில் அரை கிரவுண்டில் வீடு. எல்லாம் பெட்டை என்று சொன்ன வியாபாரியிடம் ஐந்து நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கினோம். அதில் ஒன்று சேவலாகிவிட்டது. இப்போது ஏழு மாதம். விடியற்காலை மூன்றரைக்கே கூவ ஆரம்பித்துவிடுகிறது. கூட்டிலிருந்து பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னல் நான்கு மீட்டர்தான். அங்கே கைக்குழந்தை இருக்கிறது. போலீஸுக்குப் போவேன் என்கிறார்கள். சேவல் இல்லாவிட்டால் பெட்டைகள் முட்டையிடாது என்கிறார் குஞ்சு விற்றவர். கூவாமலிருக்க ஆன்லைனில் கழுத்துப்பட்டை விற்கிறார்களே, வாங்கலாமா? அம்மா வேறு ‘அது சாமிக்கு’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பதில்: முட்டைக் கதையை முதலில் முடித்துவிடுவோம். பெட்டைக்கோழி முட்டையிட சேவல் தேவையே இல்லை. கடையில் வாங்கும் நாமக்கல் முட்டைகள் அத்தனையும் சேவலைக் கண்ணால்கூடப் பார்க்காத கோழிகள் இட்டவை. முட்டையிலிருந்து குஞ்சு வர வேண்டுமென்றால்தான் சேவல் வேண்டும். உங்களுக்குக் குஞ்சு விற்றவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. பெட்டை என்று விற்ற குஞ்சு சேவலானதற்கு உங்கள் வாயை அடைக்க அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் சேவலை எதற்காக வைத்திருக்கிறீர்கள்? குஞ்சு பொரிக்கவா? நான்கு பெட்டைக்காக ஆண்டு முழுவதும் வீட்டில் ஒரு சேவல் இருக்க வேண்டியதில்லை. சேவலோடு சேர்ந்த பெட்டை, அதைப் பிரித்த பிறகும் ஒரு வாரம் பத்து நாள் வரை கருக்கூடிய முட்டை இடும். தெரிந்தவரிடமிருந்து நான்கைந்து நாளுக்கு ஒரு சேவலைக் கொண்டுவந்து விடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து இடும் முட்டைகளைச் சேர்த்து, பத்துப் பன்னிரண்டை அடைக்கோழிக்கு வையுங்கள். 21 நாளில் பொரிந்துவிடும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடாத சேவலை மட்டும் உள்ளே விடாதீர்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: பொரிப்பதில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும். ஐந்து மாதம் கழித்து இதே கேள்வியை ஐந்தால் பெருக்கிக் கேட்க வேண்டிவரும்.

இனி சத்தம். சேவல் கூவும்போது ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபலைத் தொடும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். அந்தக் கணக்கில் நான்கு மீட்டரில் 88 வரும். இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே உள்ள சந்தில் கூடு இருந்தால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதால் இந்த அளவுக்குக்கூடக் குறையாது. குடியிருப்புப் பகுதிக்கு 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் வரம்பு பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். அது சராசரி கணக்கு, சில விநாடிக் கூவலை அதோடு நேராக ஒப்பிட முடியாது என்று நுணுக்கம் பேசலாம். மூன்றரைக்கு அலறி எழுந்த குழந்தையைத் தோளில் போட்டு நடப்பவரிடம் அந்த நுணுக்கம் எடுபடாது.

கூட்டைச் சற்றுத் தள்ளி வைத்தால் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். நான்கு மீட்டரை எட்டாக்கினால் 6தான் குறையும். பதினாறாக்கினால் 12 குறையும். அரை கிரவுண்டில் பதினாறு மீட்டருக்கு எங்கே போவது? போனாலும் அது இன்னொரு வீட்டின் ஜன்னலாக இருக்கும். மொட்டைமாடிக்கு ஏற்றிவிடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அதைவிட மோசமான இடம் கிடையாது. கீழே இருந்தபோது ஒரு வீட்டுக்குக் கேட்டது மாடியிலிருந்து தெருவுக்கே கேட்கும்.

மூன்றரை மணிக் கூவலைப் பழக்கி மாற்ற முடியாது. சேவலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. 2013-ல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேவல்களை விடியலே இல்லாத நிரந்தர மங்கல் ஒளியில் வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் அவை ஏறக்குறைய ஒரு நாள் இடைவெளியில் கூவின. வெளிச்சம் வருவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே கூவத் தொடங்குவது அதன் இயல்பு. தெருவின் எல்.இ.டி. விளக்கும் அடுத்த தெருச் சேவலின் பதில் குரலும் எண்ணிக்கையைக் கூட்டும். விளக்கை மறைத்தால் கூவல் குறையும், நிற்காது.

கழுத்துப்பட்டை வேண்டாம். கூவும்போது காற்று பலமாக வெளியேறாதபடி கழுத்தை இறுக்குவதுதான் அதன் வேலை. தளர்வாகக் கட்டினால் பயனில்லை. சத்தம் குறையும் அளவுக்கு இறுக்கினால், இரை நிறைந்த தீனிப்பை அந்த இறுக்கத்தின்மேல் வந்து முட்டும். பட்டையைக் கழற்றப் பார்க்கும் சேவல் பின்னோக்கி நடக்கும், தலையை உதறும், கால்நகத்தையோ கீழ் அலகையோ அதற்குள் நுழைத்துச் சிக்கிக்கொள்ளும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சென்னை வெயிலில் வாயைத் திறந்து இரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்க வேண்டும். அந்த நேரத்தில் கழுத்தில் இறுக்கு என்றால் என்னவாகும்? விற்பவர்கள் படத்தில் காட்டும் சேவல் அசையாமல் நிற்பதைக் கவனித்தீர்களா? பழகியதால் நிற்கவில்லை, மிரண்டு நிற்கிறது. ‘குரல் நரம்பு ஆபரேஷன்’ செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கோழியின் குரல் உறுப்பு தொண்டையில் இல்லை, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில், நெஞ்சுக்குள் இருக்கிறது. அங்கே கத்தி வைப்பது பறவையின் உயிருக்கே ஆபத்து.

உருப்படியாகச் செய்யக்கூடியது ஒன்றுதான்: இரவுப் பெட்டி. இதுவும் கூவலை நிறுத்தாது, அமுக்கும். கூவ வேண்டுமானால் சேவல் கழுத்தை முழுதாக மேலே நீட்ட வேண்டும். அதற்கு இடம் தராத உயரத்தில் கூரை இருந்தால் முழுக் குரல் வராது. இரண்டரைக் கிலோ சேவலுக்கு உள்ளளவு 60 செ.மீ. நீளம், 45 அகலம், 40 முதல் 45 உயரம். சரியான அளவு உங்கள் சேவலிடம்தான் இருக்கிறது: நின்றால் முதுகுக்கு மேல் நான்கு விரல் இடைவெளி, அதற்கு மேல் வேண்டாம். 19 மி.மீ. பிளைவுட் போடுங்கள். கனம்தான் சத்தத்தைத் தடுக்கும். தெர்மோகோலும் முட்டை அட்டையும் ஒட்டுவது வீண்வேலை, தெர்மோகோலைக் கொத்தித் தின்றும்விடும். கதவில் ஒரு விரல் இடுக்கு விட்டால் அத்தனை கனமும் பாழ். ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள்.

காற்றுதான் இதில் எல்லோரும் கோட்டைவிடும் இடம். பஞ்சாரத்தின் மேல் தார்ப்பாய் போட்டு மூடி, காலையில் விறைத்த சேவலை எடுத்தவர்கள் உண்டு. எதிரெதிர்ப் பக்கங்களில் ஒன்று கீழாகவும் ஒன்று மேலாகவும் 10-க்கு 15 செ.மீ. அளவில் இரண்டு துளைகள் வையுங்கள். எலியும் கீரியும் நுழையாதபடி வலை அடியுங்கள். வெளியே ‘ட’ வடிவில் வளைந்த பலகைத் தடம் கட்டினால் காற்று வரும், வெளிச்சமும் சத்தமும் நேராகப் போகாது. தரையில் இரண்டு அங்குலம் உமி போட்டு வாரம் இருமுறை மாற்றுங்கள். ஈரமானால் அம்மோனியா எழும்பிக் கண்ணும் மூச்சும் கெடும். இருட்டிய பின் உள்ளே விட்டு, காலை ஆறரைக்குத் திறந்துவிடுங்கள். பகலில் அடைத்து வைக்காதீர்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை மேல் துளையில் 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று ஓடாமல் இந்தப் பெட்டியைப் பயன்படுத்தவே கூடாது.

பெட்டி வைத்த பிறகு மூன்று விடியற்காலைகள், பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதத்தோடு அவர்கள் ஜன்னல் ஓரத்தில் போனை வைத்து மூன்றரை முதல் ஆறரை வரை பதிவு செய்யுங்கள். டெசிபல் காட்டும் ஆப்பை நம்பாதீர்கள். எத்தனை கூவல் காதில் விழுகிறது என்று எண்ணினால் போதும். நீங்கள் உங்கள் படுக்கையறையிலிருந்து கேட்டுவிட்டு ‘இப்போது பரவாயில்லையே’ என்பதில் பொருளில்லை. முட்டை கொடுத்துச் சமாதானம் செய்வது இரண்டு வாரம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது.

போலீஸ் விஷயம். புகார் கொடுத்தால், பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது போட்டு, இருவரையும் கூப்பிட்டு ‘சமாதானமாகப் போங்க’ என்பார்கள். சத்தத்தை அளக்கக் கருவி இருக்காது. மாநகராட்சிக்குப் போ என்பார்கள். அங்கே கால்நடைத் துறையைக் கேள் என்பார்கள். கால்நடை மருத்துவமனையில் நோய்க்குத்தான் மருந்து கொடுப்பார்கள், கூவலுக்கு என்ன கொடுப்பார்கள்? விதியில் வரம்பை எழுதிவைத்துவிட்டு, அளந்து சொல்ல ஆளில்லாமல் இரண்டு வீட்டையும் அலையவிடும் கூத்து இது. வரம்பைவிட 10 டெசிபல் கூடினால் புகார் செய்யலாம் என்று அதே விதிகள் சொல்கின்றன. அந்த 10-ஐ யார் அளப்பது?

இதனால் ஒன்றும் நடக்காது என்று இருந்துவிடாதீர்கள். கேரளத்தில் பத்தனம்திட்டா மாவட்டம் அடூரில், விடியற்காலைக் கூவலால் தூக்கமில்லை என்று முதியவர் ஒருவர் கொடுத்த புகாரில் 2025 பிப்ரவரியில் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) இடத்தையே நேரில் பார்த்து, மேல்மாடியிலிருந்த கோழிக்கூட்டை 14 நாளுக்குள் வளாகத்தின் வேறு பக்கம் மாற்ற உத்தரவிட்டார். தொல்லையை அகற்றச் சொல்லும் அதிகாரம் இங்குள்ள ஆர்.டி.ஓ.வுக்கும் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-வது பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. சேவல் கூவலாம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டதாக வாட்ஸ்அப்பில் வருவது 2019-ல் பிரான்ஸில் நடந்த வழக்கு. அதை அச்செடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள்.

அம்மா சொல்லும் ‘சாமிக்கு’ விஷயத்துக்கு வருகிறேன். மற்ற எந்தக் காரணத்தையும் நான் காதில் வாங்கமாட்டேன், இதை மட்டும் தட்டிக்கழிக்க முடியாது. பேச்சுக்குச் சொல்கிறாரா, உண்மையிலேயே நேர்ந்துவிட்டாரா என்று முதலில் கேளுங்கள். நேர்ந்துவிட்டதென்றால் விற்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. ஆனால் நேர்த்திக்கடன் அந்தச் சேவலுக்குத்தான், அது நின்று வளரும் இடத்துக்கு இல்லை. செலுத்தும் நாள் வரை சொந்த ஊரிலோ, தோட்டம் வைத்திருக்கும் உறவினர் வீட்டிலோ விடலாம். குலதெய்வக் கோயில் பக்கத்திலேயே பங்காளி வீடு இருந்தால் இன்னும் நல்லது, கொண்டுபோகும் அலைச்சலும் மிச்சம். வளர்த்துத் தருகிறேன் என்னும் வியாபாரியிடம் மட்டும் விடாதீர்கள். ஆடி மாதத்தில் நேர்த்திச் சேவலுக்கு விலை ஏறும்போது உங்களுடையது விலைபோய், அதே நிறத்தில் வேறொன்று உங்கள் கைக்கு வரும். அனுப்பும் முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். கொண்டையின் பற்கள், கால் நிறம், முள்ளின் நீளம், ஒடிந்த நகம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். ‘சிவப்புச் சேவல்’ என்று மட்டும் எழுதினால் ஊரில் பாதிச் சேவல் அதுதான். ஒரு பிளாஸ்டிக் கால்வளையமும் போடுங்கள். அதுவும் கழற்றி மாட்டக்கூடியதுதான், ஆகவே போட்டோவை விட்டுவிடாதீர்கள். செலுத்த மூன்று மாதத்துக்குள்தான் இருக்கிறது, விட வேறிடமே இல்லை என்றால் மட்டும் பெட்டி செய்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் தேதியைச் சொல்லிவிடுங்கள். தேதி தெரிந்தால் பொறுத்துக்கொள்வார்கள்.

நேர்ந்துவிடவில்லை என்றால் கொடுத்துவிடுங்கள். நான்கு மீட்டரில் கைக்குழந்தை இருக்கும்போது வேறு பதில் இல்லை. எடை போட்டு வாங்கும் ஆளிடம் கறிக்கென்று தெரிந்தே விற்பது நேர்மையான வழி. ‘எங்கள் பண்ணையில் சும்மா வளர்க்கிறோம்’ என்று இலவசமாகக் கேட்டு வருபவர் காலின் முள்ளையும் நெஞ்சுச் சதையையும் தடவிப் பார்த்தால் அவர் சண்டைக்கு எடுக்க வந்தவர். 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். சேவல் போன பிறகு பெட்டைகளுக்குள் யார் பெரியவள் என்று ஒரு வாரம் கொத்திக்கொள்ளும், பயப்பட வேண்டாம்.

இனிக் குஞ்சாக வாங்காதீர்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் பார்த்து ‘இது பெட்டை’ என்று சொல்வதெல்லாம் வித்தை காட்டுவது. ஒரு நாள் குஞ்சின் ஆசனவாயைப் பார்த்துப் பிரிக்கப் பயிற்சி பெற்றவர்கள் பெரிய பொரிப்பகங்களில் இருக்கிறார்கள், தெருவில் கூடையோடு வருவதில்லை. சாயம் பூசி விற்கும் கலர் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் வேண்டாமென்று ஒதுக்கிய சேவல் குஞ்சுகளே. மூன்றரை மாதம் கடந்த சிறுவிடை (சிறிய உடலுள்ள நாட்டுக்கோழி வகை) பெட்டையாகப் பார்த்து வாங்குங்கள். வாலுக்கு முன்னால் இடுப்பின் இரு பக்கமும் தொங்கும் இறகைக் கையில் விரித்துப் பாருங்கள். முனை கூர்ந்து மினுமினுத்தால் சேவல், உருண்டையாக இருந்தால் பெட்டை. விலை கூடத்தான் செய்யும், கொடுத்துவிடுங்கள்.